செருப்புகளோடு நின்ற கால்

என் ராசா,

நீ போனை எடுக்கிறாய் இல்லை. எடுத்தாலும் "பேந்து கதைக்கிறன் அம்மா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். எழுதி உனக்கு மட்டும் அனுப்புவதாகவும் இல்லை. எங்கள் ஊர்ச் சனசமூக நிலையம் போடுகிற மலருக்கும் இதைக் கொடுக்கப் போகிறேன். கோபப்படாதே. உன் பெயரையும் போடவில்லை, என் பெயரையும் போடவில்லை. இந்த வன்னியில் ஒற்றைக் காலோடு வளர்ந்த பிள்ளை இருக்கிற வீடு எங்கள் வீடு மட்டும் இல்லை. எனக்குத் தெரியாமல் போனது அந்தத் தாய்மாருக்கும் தெரியாமல் இருக்கும். என்னைப் போல அவர்களும் ஒரு நாள் ஆஸ்பத்திரியில் பேயறைந்த மாதிரி நிற்கக் கூடாது. அதற்காகத்தான் ஊரறிய எழுதுகிறேன்.

வவுனியா ஆஸ்பத்திரியில் அன்றைக்கு நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். நீ கூடத்தான் நின்றாய், ஆனால் என் நெஞ்சு பட்ட பாட்டை நீ பார்க்கவில்லை. நாங்கள் போனது என் முழங்காலுக்கு. வயலில் குனிந்து நிமிர்ந்து தேய்ந்துபோன முழங்கால் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவள் நான். டொக்டர் கூப்பிட்டதும் என் துண்டுச் சீட்டை எடுத்துக்கொண்டு நீ மர வாங்கிலிருந்து எழும்பினாய். உன் வலது முழங்கால், உன் நல்ல கால், "கறுக்" என்றது. எனக்குக் கேட்டது. டொக்டருக்கும் கேட்டது. "தம்பி, உங்கடை முழங்காலையும் ஒரு படம் எடுத்துப் பாப்பம்" என்றார். நீ சிரித்தாய். "எனக்கு ஒண்டுமில்லை டொக்டர். இருக்கிறது ஒரு கால், அது ரெண்டு காலின்ரை சத்தம் போடுது" என்றாய். வந்தது வந்தோம், எடுத்துவிடு என்று நான்தான் உன்னைத் தள்ளிவிட்டேன்.

இரண்டு படங்களையும் வெளிச்சப் பெட்டியில் பக்கத்தில் பக்கத்தில் செருகினார்கள். ஒன்றில் மேல் எலும்புக்கும் கீழ் எலும்புக்கும் நடுவே ஒரு விரல் நுழையுமாப் போல ஒரு கறுப்பு இடைவெளி. மற்றதில் ஒரு பக்கம் அந்த இடைவெளியே இல்லை, எலும்பு எலும்பின் மேல் இருக்கிற மாதிரி. நான் உடனே அந்த இரண்டாவதைக் காட்டி, "பாருங்கோ டொக்டர், இதாலைதான் எனக்குப் படி ஏற ஏலாமல் கிடக்கு!" என்றேன். இத்தனை காலமும் என் நோவை ஒருவரும் மதிக்கவில்லை என்ற எரிச்சல் எனக்கு. படத்தைக் கொண்டுபோய் உன் அப்பாவின் மூக்குக்கு நேரே நீட்ட வேண்டும் என்றுகூட நினைத்துவிட்டேன். டொக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "அம்மா, அது உங்கடை இல்லை. இஞ்சாலை இருக்கிறது உங்கடை. அது தம்பியின்ரை" என்றார்.

அம்மாளாச்சி! மீசை அரும்பி முற்றிய வயது உனக்கு. நான் தலை நரைத்தவள். என் முழங்காலை விட உன் முழங்கால் கிழடாம். படம் மாறிப்போய்விட்டது, திரும்ப எடுங்கோ என்று சண்டைக்குப் போனேன். அந்த மனிதர் பொறுமையாகப் படத்தின் மூலையில் இருந்த உன் பெயரைக் காட்டினார். நீ அந்தப் பெயரை வாசித்துவிட்டு சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாய். நான் உன் முகத்தைப் பார்க்கத் துணியவில்லை.

இதை வாசிக்கிற மற்றவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போகிறேன். சண்டை முடிந்து மீள்குடியேறி வந்த முதல் மாரிமழைக் காலம். கிளிநொச்சிக்குப் பக்கத்தில் எங்கள் வயற்காணி பற்றை பிடித்துக் கிடந்தது. நீ சின்னப் பிள்ளை, அறுத்துக்கொண்டு ஓடிய கன்றைப் பிடிக்கப் பற்றைக்குள் போனாய். மிதிவெடி உன் இடது காலை முழங்காலுக்குக் கீழே கொண்டுபோயிற்று. அதைப் பற்றி இதற்கு மேல் நான் எழுத மாட்டேன், எழுதவும் வராது. பிறகு கால் செய்து கொடுத்தார்கள். நீ வளர வளர புதுக் கால் வந்தது. ஒவ்வொரு கால் வருவதற்கும் எவ்வளவு அலைந்தோம் என்று உனக்குத் தெரியும். அதனால் வந்த காலை நான் பொன்னைப் போல வைத்திருந்தேன். பள்ளிக்கூடம், கலியாணவீடு, ஆஸ்பத்திரி என்று வெளியே போகும்போது மட்டும் போடுவாய். வீட்டுக்கு வந்ததும் கழற்றித் துடைத்து, பூப்போட்ட துவாயால் சுற்றி, அலுமாரியில் என் கூறைச் சேலைக்குப் பக்கத்தில் வைத்துவிடுவேன். தேய்ந்துபோகும், நனைந்துபோகும் என்று பயம். தேய்கிற பொருள் அது ஒன்றுதான் என்று நினைத்தேன். நல்ல கால் இறைச்சியும் எலும்பும்தானே, அதற்கு என்ன வரப்போகிறது?

அந்த நல்ல ஒற்றைக் காலால் துள்ளித் துள்ளி நீ கெந்தித் திரிந்தாய். குசினிக்குக் கெந்தி, கிணற்றடிக்குக் கெந்தி, வரம்பில் கெந்தி. உழவு மெசினுக்குப் பின்னால் கொழுவின பெட்டியிலிருந்து ஒற்றைக் காலில் குதித்து இறங்குவாய். கெந்தித்தொட்டு விளையாட்டில் இரண்டு கால் பிள்ளைகளை எல்லாம் மடக்கிவிட்டு வருவாய். எனக்குப் பெருமை பிடிபடாது. "என்ரை பொடியன் ஒரு காலிலை செய்யிறதை உங்கடையள் நாலு காலிலையும் செய்யாதுகள்" என்று சந்தையில் வைத்துச் சொன்னவள் நான். அவர்களும் சிரித்தார்கள், நீயும் சிரித்தாய். நோகுது அம்மா என்று நீ ஒரு நாளாவது சொன்னதில்லை. சொல்லியிருந்தால் எனக்கு விளங்கியிருக்கும் என்று அன்றைக்கு டொக்டரிடம் ஆவேசமாகச் சொன்னேன். "நொந்திராது அம்மா. மூட்டுக்குள்ளை இருக்கிற குருத்தெலும்புக்கு நோகத் தெரியாது. அதிலை நரம்பு இல்லை. அது தேய்ஞ்சு முடிஞ்சு எலும்பு முட்டேக்கைதான் நோகும். தம்பிக்கு அது இப்பதான் தொடங்கியிருக்கும்" என்றார். உடம்புக்குள் ஒன்று இருந்து, சத்தமே போடாமல் தேய்ந்து போகுமா? கடவுள் ஏன் இப்படி ஒரு சாமானைப் படைத்தார்?

வீட்டுக்கு வந்ததும் நான் என்ன செய்தேன் என்று உனக்கே தெரியும். கட்டிலில் படு என்றேன். எழும்பக் கூடாது, நடக்கக் கூடாது, காலைத் தொங்கவிடவும் கூடாது. தேய்ந்ததைத் தேயாமல் வைத்திருக்க வேறு என்ன வழி? சாப்பாடு கட்டிலுக்கு வந்தது. ஆட்டுக்கால் சூப்பு வைத்து வைத்து எங்கள் சட்டியே நாறிப்போனது. "என்ரை காலுக்கு ஆட்டின்ரை நாலு காலும் போகுது" என்று நீ பகிடி விட்டாய். உன் அப்பா மட்டும் வாசலில் நின்று, "இஞ்சரும், ஆளை இப்பிடிக் கிடத்தி வைக்கிறது சரியோ?" என்று மெதுவாகக் கேட்டார். நான் அவர் மேல் பாய்ந்தேன். நீ அடங்கிக் கிடந்தாய், ஏனென்றால் நீயும் பயந்து போயிருந்தாய். அது எனக்குத் தெரியும்.

கிளிநொச்சியில் பிசியோ செய்கிற பிள்ளையிடம் உன்னைக் கொண்டுபோன போது, அந்தப் பிள்ளை பாராட்டுவாள் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். "ஒரு அடி நடக்க விடேல்லை பிள்ளை, தூக்கி வைச்ச மாதிரி வைச்சிருக்கிறன்" என்றேன். அவள் உன் தொடையை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தாள். முழங்காலை மடக்கப் பார்த்தாள், அது பாதி வழியில் நின்றுவிட்டது. "ஐயோ அம்மா, என்ன வேலை செய்து வைச்சிருக்கிறியள்? பட்டினி போட்டிருக்கிறியள்!" என்றாள். பட்டினியா? சூப்புச் சட்டி கழுவிக் கழுவி என் கை புண்ணாய்க் கிடக்கிறது, பட்டினி என்கிறாளே!

அவள் சொன்னதை உன்னால் அன்றைக்குக் கேட்க முடியவில்லை, உன் கண் வேறெங்கோ இருந்தது. நான் ஒரு சொல் விடாமல் கேட்டேன். அதை உனக்குத் திருப்பிச் சொல்கிறேன், பொறுமையாக வாசி. எலும்பின் நுனியில் மெழுகு பூசின மாதிரி ஒரு குருத்து இருக்கிறதாம். மெல்லியது. அதில் முக்கால்வாசி தண்ணீர்தானாம். அந்தத் தண்ணீரை ஒரு வலை பிடித்து வைத்திருக்கிறதாம், நார் நாராக, கண்ணுக்குத் தெரியாத சின்னக் கண் வலை. அதற்கு இரத்த ஓட்டம் இல்லை. அப்படியென்றால் எப்படிச் சாப்பிடும்? நாங்கள் காலை ஊன்றும்போது அமுங்கி, கொஞ்சம் தண்ணீரை வெளியில் விடும். காலைத் தூக்கும்போது திரும்ப உறிஞ்சும். அந்தத் தண்ணீரோடுதான் அதற்குச் சத்துப் போகிறது. ஊன்றுகிறதும் எடுக்கிறதும்தான் அதற்குச் சோறும் தண்ணியும். நான் உன்னைக் கட்டிலில் கிடத்தி, மிஞ்சி இருந்த குருத்துக்கும் சோற்றை நிறுத்திவிட்டேன்.

"அப்ப கெந்தினது நல்லதெல்லோ, ஊண்டி ஊண்டித்தானே திரிஞ்சவன்?" என்று கேட்டேன். விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. அவள் சிரித்தாள். "அம்மா, நீங்கள் குளத்திலை குளிச்சிருக்கிறியள்தானே? கையை மெதுவாத் தண்ணிக்குள்ளை வையுங்கோ, இறங்கிப் போகும். அதே தண்ணியிலை ஓங்கி அடியுங்கோ, என்ன நடக்கும்?" கை எரியும் என்றேன். "அதுதான். மெதுவாப் பாரம் வந்தால் குருத்துக்குள்ளை இருக்கிற தண்ணி விலகிப் போக நேரம் இருக்கு. குருத்து இளகிக் குடுக்கும். டக்கெண்டு அடி விழுந்தால் தண்ணிக்கு ஓட நேரம் இல்லை. குருத்து கல்லு மாதிரி இறுகி நிக்கும். கெந்தேக்கை ஒரு மனிசன்ரை பாரம் இல்லை, அதைப்போலை சில மடங்கு ஒரே காலிலை, கண் மூடித் திறக்கிறதுக்குள்ளை விழுது. ஒருக்கா ரெண்டு தரம் எண்டால் தாங்கும். வருசக் கணக்கா, ஆறவே விடாமல் விழுந்தால் அந்த வலை கிழியும். கிழிஞ்ச வலையிலை தண்ணி நிக்காது."

"தாங்கிறது எண்டால், அந்த அடி எங்கை போகுது பிள்ளை?" என்று நான் கேட்டேன். எனக்கு உண்மையாகவே அது விளங்கவில்லை. விழுந்த அடி எங்கேயாவது போக வேண்டுமே. அவள் யோசித்துவிட்டு, தண்ணீர் அந்தச் சின்னக் கண்களுக்குள்ளால் உரசிக்கொண்டு போகும்போது அடியின் வேகத்தைத் தின்றுவிடும் என்றாள். அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. பந்தை நிலத்தில் போட்டால் துள்ளி எழும்பும். நெல்லு மூட்டையைப் போட்டால் துள்ளாது, 'தொம்' என்று இருந்துவிடும். அடி எங்கே போனது? நெல்மணி ஒன்றோடொன்று உரசி உள்ளுக்குள்ளேயே விழுங்கிவிட்டது. அதைச் சொன்னேன். "அச்சாவாச் சொன்னியள் அம்மா, அதுதான்" என்றாள். "ஆனால் மூட்டையைத் திரும்பத் திரும்ப மெசின் பெட்டியிலை இருந்து போட்டால் என்ன நடக்கும்?" சாக்கு வெடிக்கும். உழவு மெசின் பெட்டியிலிருந்து நீ குதிக்கிறதும், நான் கைதட்டுகிறதும் கண்ணுக்குள் வந்து நின்றது.

அதற்குப் பிறகுதான் அவள் அந்தக் கேள்வியைக் கேட்டாள். "தம்பி, எங்கை எங்கை கெந்துறனீங்கள்?" நீ சொன்னாய்: வீட்டில், வயலில், கிணற்றடியில். கொஞ்சம் நிறுத்தி, "கோயிலிலை" என்றாய். அவள் தலையை நிமிர்த்தினாள். "கோயிலுக்குக் கால் போட்டுக்கொண்டு போறேல்லையோ?" நீ என்னைப் பார்த்தாய். நான்தான் பதில் சொன்னேன், கொஞ்சம் சூடாகவே சொன்னேன்: "அதெப்பிடிப் பிள்ளை? சப்பாத்தோடை இருக்கிற கால். கண்ட கண்ட இடமெல்லாம் மிதிச்சு வாறது. அதைக் கழட்டிச் செருப்புகளோடை வெளியிலை வைச்சிட்டுத்தான் உள்ளை போறவன். சின்னனிலை இருந்து அப்பிடித்தான்."

அவள் என்னைத் திட்டியிருந்தால் பரவாயில்லை. உன்னைப் பார்த்து, "உள்வீதி சுத்திறதும் கெந்தியோ?" என்று மட்டும் கேட்டாள். நீ ஓம் என்றாய். "சீமெந்து நிலமோ?" ஓம் என்றாய். "திருவிழாக் காலத்திலை?" எல்லா நாளும் என்றாய். அவள் உன் உள்ளங்காலைத் தன் கையில் ஏந்திப் பார்த்தாள். அது குதிரைக் குளம்பு மாதிரி இறுகிக் கிடந்தது. வெறுங்கால், சீமெந்து, மூலஸ்தானத்தைச் சுற்றிச் சுற்றி, அரோகராச் சத்தத்துக்கு நடுவில் தொப், தொப் என்று ஒரு கால். சனம் விலகி வழி விடும். கண் கலங்கிப் பார்க்கும். நான் உன் பின்னால் கை கூப்பிக்கொண்டு, இந்தக் காலையாவது காப்பாற்றித் தா தாயே என்று அம்மாளிடம் கேட்டுக்கொண்டே வருவேன். எதைக் காப்பாற்றச் சொல்லிக் கேட்டேனோ அதை அவள் சந்நிதியிலேயே வைத்து இடித்துக்கொண்டிருந்திருக்கிறேன் ராசா!

அந்தப் பிள்ளை கடைசியில் ஒன்று சொன்னாள். "இந்த ரப்பர் பாதம் வெறுங்காலோடை நடக்கச் செய்தது அம்மா. சேறு, தண்ணி எல்லாத்துக்கும் தாங்கும். சப்பாத்தை மட்டும் கழட்டியிருக்கலாமே." சப்பாத்தை மட்டும். இத்தனை வருடத்தில் இது என் புத்தியில் எட்டவே இல்லை. எல்லாருக்கும் சப்பாத்து வேறு, கால் வேறு. உனக்கு மட்டும் இரண்டையும் நான் ஒன்றாக்கி வைத்திருந்தேன்.

தர்சினியோடு உனக்குக் கலியாணம் நிச்சயமாகி இருந்த நேரம் இது. திரும்பி வரும்போது ஓட்டோவில் வைத்து நீ அந்தக் குண்டைப் போட்டாய். "அம்மா, கலியாணத்தை நிப்பாட்டுங்கோ. இந்தக் காலும் போனால் தர்சினி என்னைத் தூக்கிக்கொண்டு திரியவேணும். அவளுக்கு ஏன் அந்தத் தலைவிதி?" நான் ஏதோ கத்தினேன். ஓட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார். அடுத்த நாள் விடிய நீ வவுனியாவுக்கு, உன் போன் திருத்துகிற கடைக்குப் போய்விட்டாய். தாலிக்குப் பொன்னுருக்கி முடிந்த பிறகு, கார்ட் அடித்த பிறகு, மாப்பிள்ளை வேண்டாம் என்கிறான். உன் அப்பா வயலுக்குப் போகாமல் கதிரையில் இருந்துவிட்டார். அந்த மனிதர் வயலுக்குப் போகாத நாளை நான் கண்டதில்லை.

எனக்கு அழவும் வரவில்லை. நேரே கோயிலுக்குப் போனேன், ஐயரோடு சண்டை பிடிக்க. நியாயம் இருக்கோ இல்லையோ, யாரோடாவது பிடிக்க வேண்டும் போல் இருந்தது. "ஏன் ஐயா, என்ரை பிள்ளை காலை வெளியிலை வைச்சிட்டுத்தான் வரவேணும் எண்டு எந்தச் சாத்திரத்திலை இருக்கு?" என்று கேட்டேன். அவர் திகைத்துப் போனார். "நான் எப்பம்மா அப்பிடிச் சொன்னனான்?" என்றார். சொல்லவில்லைத்தான். ஒருவரும் சொல்லவில்லை. "தம்பி கெந்திச் சுத்தி வாறதைப் பாத்து எனக்கு நெஞ்சு பதைக்கும். நீங்கள் ஏதோ நேத்தி வைச்சிருக்கிறியள் எண்டு நினைச்சன். நேத்தியைக் கேக்கக் கூடாதெல்லே, அதுதான் பேசாமல் இருந்திட்டன்" என்றார்.

நேர்த்திக்கடனாம்! வெளியே வந்து பூக்கடைக்காரியைக் கேட்டேன். அவளும் நேர்த்தி என்றுதான் நினைத்தாளாம். பக்கத்து வீட்டு அக்காவும் அப்படித்தான். ஊர் முழுக்க உன்னை நேர்த்திக்காரன் என்று நினைத்து வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறது. நானோ இது அம்மாள் கேட்கிற ஒழுங்கு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கேட்டவர் ஒருவரும் இல்லை ராசா. அம்மாளும் கேட்கவில்லை, ஐயரும் கேட்கவில்லை. யாருமே கேட்காத ஒன்றுக்காக உன் முழங்கால் போயிருக்கிறது. கோயில் மதிலைப் பிடித்துக்கொண்டு வெயிலில் எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. செருப்புகள் வைக்கிற இடத்தைப் பார்க்கப் பார்க்க எனக்கு அங்கே உன் கால் தனியாக நிற்கிற மாதிரியே இருந்தது. சப்பாத்தும் காலுறையும் போட்டு, வடிவாக, யாரையோ பார்த்துக்கொண்டு நிற்கிற மாதிரி.

உன் கலியாணத்தையும் நடத்திவைக்கப் போகிற ஐயர் பின்னால் வந்து நின்றார். "அம்மா, கோயிலுக்கு வாற எல்லாரும் பைப்படியிலை கால் கழுவித்தானே உள்ளை வருகினம். தம்பியும் ரெண்டு காலையும் கழுவிப்போட்டு வரட்டும். மணவறையிலை சம்மணம் கொட்டவும் வேண்டாம், நான் உயரமாப் பலகை போடுவிக்கிறன்" என்றார். இவ்வளவுதான் விசயம். இவ்வளவையும் கேட்டுவிட எனக்கு இத்தனை வருடம்.

இனி நீ சொன்ன காரணத்துக்கு வருகிறேன். இந்தக் காலும் போய்விடும் என்கிறாய். போகும் என்று யார் சொன்னது? டொக்டர் சொன்னது, ஒரு பக்கம் தேய்ந்துவிட்டது, திரும்ப வளராது, ஆனால் மற்றப் பக்கம் இருக்கிறது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்று. பிசியோப் பிள்ளை சொன்னது, தொடையில் இறைச்சி பிடிக்க வைத்தால் பாதி அடியை அது வாங்கிக்கொள்ளும் என்று. ஆகவே கேள். விடிய எழும்பினதும் காலைப் போடு. நிலத்தில் முதல் அடி இரண்டு காலாலும் விழட்டும். கிணற்றடி என்றாலும் சரி, கக்கூசு என்றாலும் சரி. தேய்ந்தால் தேயட்டும், அந்தக் காலுக்கு மாற்றுக் கால் வரும், இந்தக் குருத்துக்கு மாற்றுக் குருத்து வராது. நட, ஆனால் மெதுவாக நட. கொஞ்சம் நட, பிறகு இரு, அது உறிஞ்சிக் குடிக்க நேரம் கொடு, பிறகு நட. கடையில் முழு நாளும் வாங்கிலேயே குந்தியிருக்காதே. பெட்டியிலிருந்து குதிக்கிற கதை முடிந்தது. இனி நான் கைதட்ட மாட்டேன், தடி எடுப்பேன்.

இன்னொன்று. பொய்க்காலில் பாரத்தைப் போட உனக்குப் பயம், இல்லையா? அந்தப் பிள்ளை அதைப் பார்த்தவுடன் கண்டுபிடித்துவிட்டாள். கால் போட்டு நடக்கும்போதும் நீ அதை ஒரு பேச்சுக்குத்தான் ஊன்றுகிறாயாம், முழுப் பாரமும் நல்ல காலில்தானாம். தர்சினி விசயத்திலும் அதைத்தான் செய்கிறாய். எல்லாப் பாரத்தையும் நீயே சுமக்கப் பார்க்கிறாய். அவளை அலுமாரிக்குள் வைக்கப் பார்க்கிறாய். என்னிடம் படித்த பழக்கம்தான், எனக்கு விளங்குகிறது.

அவளிடம் போய்ச் சொல்லத்தான் வேண்டும் என்று படத்தையும் எடுத்துக்கொண்டு நானும் அப்பாவும் அவர்கள் வீட்டுக்குப் போனோம். ஒளிக்க எனக்கு மனமில்லை. தர்சினி படத்தை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அந்தப் பெட்டைக்கு வந்த கோபம்! "எனக்கு உது தெரியாது எண்டு நினைச்சியளே மாமி? கோயிலிலை அவர் கெந்தி வாறதைப் பாத்துத்தான் எனக்கு அவரிலை முதல் கோபமே வந்தது. காலை வெளியிலை விட்டிட்டு வாற ஆளோடை நான் கோயிலுக்கு வரமாட்டன் எண்டு அவரிட்டை நேர சொன்னனான். சிரிச்சிட்டுப் போட்டார். இப்ப என்னையும் வெளியிலை விட்டிட்டுப் போகப் பாக்கிறாரோ?" என்றாள். பிறகு, "கலியாணம் நிக்காது மாமி. அவர் வந்தால் சரி" என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்விட்டாள். பாத்திரம் கழுவுகிற சத்தம் மட்டும் பெரிதாகக் கேட்டது. உன் அப்பா ஆஸ்பத்திரி நாளுக்குப் பிறகு அன்றைக்குத்தான் சிரித்தார்.

நாங்கள் வெளிக்கிடும்போது தர்சினியின் தம்பி படலை வரைக்கும் வந்தான். பஸ் கொண்டக்டர் வேலைதானே, வாய் ஓயாத பொடியன். அன்றைக்குத் தயங்கித் தயங்கி நின்றான். அவன்தான் உனக்குத் தோழன், மணவறைக்கு ஏறமுன் செம்பில் தண்ணீர் எடுத்து மாப்பிள்ளையின் காலைக் கழுவப் போகிறவன். "மாமி, குறை நினைக்காதேங்கோ. ஒரு சந்தேகம். அத்தானுக்குக் கால் கழுவேக்கை ஒரு காலோ, ரெண்டு காலோ?" என்று கேட்டான்.

படலையைப் பிடித்துக்கொண்டேன். ஐயரைக் கேட்கமுன் அவன் இதைக் கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்குத் தெரியும். ஒரு கால் என்று சொல்லியிருப்பேன். மற்றதை மண்டப வாசலில் செருப்புகளோடு வைத்துவிட்டு, கூறை கட்டி நிற்கிற தர்சினியின் முன்னால் உன்னைக் கெந்தி வரச் சொல்லியிருப்பேன். அதைப் பெருமையாகவும் பார்த்துக்கொண்டு நின்றிருப்பேன். உன் அப்பா என் முழங்கையைப் பிடித்தார். "ரெண்டு காலும் தம்பி. வடிவாத் தேய்ச்சுக் கழுவு" என்றேன்.

வா ராசா. முகூர்த்தத்துக்கு முந்தியாவது போனை எடு. மண்டப வாசலில் சப்பாத்தை மட்டும் கழற்று. அவன் செம்போடு குனியும்போது இரண்டு காலையும் நீட்டு. நனைந்துவிடும் என்று பயப்படாதே, நான் பக்கத்தில் துவாயோடு நிற்பேன். அலுமாரியில் அந்தக் காலைச் சுற்றி வைத்திருந்தேனே, அதே பூப்போட்ட துவாய். இனி அதற்கு வேறு வேலை இல்லை.

அம்மா